குளிர்காலத்தில் தோர்தோன் பக்கம் வீடு எடுப்பதற்கு முன்

கோடையில் பிரான்ஸின் தோர்தோன் பக்கம் வீடு எடுக்கிறவர்கள் நீச்சல் குளம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். டிசம்பரிலோ ஜனவரியிலோ போகிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு: வீடு எதில் சூடாகிறது, அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது. ஜீத் என்று அங்கே சொல்லும் இந்தக் கிராமத்து விடுமுறை வீடுகள் குளிர்காலத்தில் நன்றாகவே விலை இறங்கும், படத்தில் கல் சுவரும் மர உத்தரமும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வாடகையில் மிச்சம் பிடித்ததை ஹீட்டருக்குக் கட்டிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

அந்தக் கல் சுவர் அரை மீட்டருக்கும் மேல் தடிமன். கோடையில் வெயிலை உள்ளே விடாத அதே சுவர், பல வாரம் பூட்டிக் கிடந்த வீட்டில் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் போய் ஹீட்டரைப் போட்டால் காற்று ஒரு மணி நேரத்தில் சூடாகிவிடும், சுவர் சூடாக இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை 20 டிகிரி என்று காட்டினாலும் உட்கார்ந்திருந்தால் முதுகு சில்லிடும், மெத்தை ஈரமாக இருப்பது போலத் தோன்றும். அதனால் சனி ஞாயிறுக்கு மட்டும் போவது வீண். வீடு சூடாகி முடிக்கும்போது நீங்கள் பூட்டிக்கொண்டு கிளம்புவீர்கள். ஒரு வாரமாவது எடுங்கள், இரண்டு மூன்று வாரம் என்றால் இன்னும் நல்லது, அந்தப் பருவத்தில் மொத்தமாக எடுத்தால் குறைத்துத் தரத் தயங்க மாட்டார்கள். வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் முன்பே ஹீட்டரைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேட்கலாம், அங்கே அது சாதாரண விஷயம்.

ஒப்பந்தத்தில் மின்சாரம் வாடகைக்குள் அடக்கமா, ஒரு நாளைக்கு இத்தனை யூனிட் வரை இலவசம் அதற்கு மேல் காசா, முழுக்க மீட்டர்படியா என்று எழுதியிருக்கும். மீட்டர்படி என்றால் சாவி வாங்கிய கையோடு மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: வீடு இ.டி.எஃப். என்ற மின்சார நிறுவனத்தின் டெம்போ கட்டணத் திட்டத்தில் இருக்கிறதா? அந்தத் திட்டத்தில் வருடத்துக்கு 22 சிவப்பு நாட்கள், எல்லாமே நவம்பர் முதல் மார்ச் வரை வரும் வார நாட்கள், எது என்று முந்தின நாள்தான் சொல்வார்கள். அன்று காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை மின்சாரம் பல மடங்கு விலை. விறகு அடுப்பு இருக்கிற வீடு என்றால் கவலை இல்லை, அன்றைக்கு அதுதான் ஹீட்டர்.

விறகு அடுப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சரியாக எரிந்தால் மற்ற எல்லாம் சரியாகிவிடும். விறகை அங்கே ஸ்தேர் கணக்கில் விற்கிறார்கள். ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் ஒரு ஸ்தேர். அதையே அரை மீட்டர் துண்டாக வெட்டினால் இடைவெளி குறைந்து 0.8 கன மீட்டர் அளவில் அடங்கிவிடும், ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஓக் மரம்தான் அந்தப் பக்கம் அதிகம், பிளந்து இரண்டு வருடமாவது காய்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்டால் காய்ந்தது, மத்தென்று கேட்டால் பச்சை. பச்சை விறகு சீறும், புகையும், அடுப்புக் கண்ணாடியைக் கருப்பாக்கும், சூடு மட்டும் தராது.

பற்றவைப்பதை நம் ஊர் அடுப்பு மாதிரி அடியிலிருந்து செய்யாதீர்கள். பெரிய கட்டை கீழே, சிறியது அதன் மேல், சுள்ளி உச்சியில், நெருப்பை உச்சியில் வையுங்கள், காற்று வழியை முழுசாகத் திறந்து விடுங்கள். தீ மெதுவாகக் கீழே இறங்கும், புகை குறையும். நன்றாகப் பிடித்த பிறகு காற்றைக் குறைக்கலாம், அடியோடு மூடக் கூடாது. குளிருகிறது என்று சுவரில் இருக்கும் காற்றோட்டத் துவாரத்தைத் துணி வைத்து அடைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தலைவலி, குமட்டல் என்று ஆரம்பித்துத் தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். 2015 முதல் பிரான்ஸில் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம், ஆனால் அது இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. அதற்கென்று தனிக் கருவி சின்னதாக, பேட்டரியில் ஓடுவது கிடைக்கும், ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்றும் கேளுங்கள், அதற்குச் சான்றிதழ் உண்டு. சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள், பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி வேண்டவே வேண்டாம், கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கும்.

இருட்டியதும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் இருக்கும் மரக் கதவுகளை இழுத்துச் சாத்துங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இருட்டுவது சாயங்காலம் ஐந்தரைக்கே, விடிவதோ டிசம்பர் கடைசியில் எட்டரைக்கு மேல்தான். கழிப்பறையில் ஈரத் துடைப்புத் தாள் எதையும் போடாதீர்கள், கிராமத்தில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். தண்ணீர் மெயின் வால்வு எங்கே என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள், உறைந்த குழாய் வெடித்த பிறகு தேடுவது கஷ்டம்.

கார் இல்லாமல் போகாதீர்கள். பாரிஸிலிருந்து ப்ரீவ் வரை ரயிலில் போய் அங்கே வாடகைக் கார் எடுக்கலாம். காலையில் கண்ணாடியில் பனி சுரண்ட வேண்டியிருக்கும், பள்ளத்தாக்கில் மூடுபனி பத்து மணி வரை கூட விலகாது, அந்தி நேரத்தில் மான் குறுக்கே பாயும். கிழக்கே மாசிஃப் சென்ட்ரல் மலைப் பக்கம் சுற்ற நினைத்தால், அங்கே பல ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ இல்லாமல் ஓட்டக் கூடாது.

சாப்பாடு. கிராமத்து பேக்கரி வாரத்தில் ஒரு நாளாவது மூடியிருக்கும், ஞாயிறு மதியத்துக்கு மேல் எல்லாமே மூடிவிடும், திங்களும் பாதி ஊர் தூங்கும், ஜனவரியில் உணவகக்காரர்களே விடுமுறை போய்விடுவார்கள். ரொட்டியை வெட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். பாரிஸ் வழியாகப் போகிறீர்கள் என்றால் லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் அரிசி, மிளகாய்த்தூள், புளி, கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போங்கள். மைசூர்ப் பருப்பு எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும், குளிரில் ரசம் வைக்க அது போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஜாக்கிரதை, அது வாத்து தேசம். சார்லா ஊர்ப் பெயரில் வரும் உருளைக்கிழங்கு வறுவல்கூட வாத்துக் கொழுப்பில்தான் வறுபடும்.

சார்லாவில் புதனும் சனியும் சந்தை. குளிர்காலச் சனிக்கிழமைகளில் கருப்பு ட்ரஃபிள் என்ற, மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளானை விற்பார்கள், தெற்கே லால்பாங்க் ஊரில் செவ்வாய் மதியம் அதற்கென்றே சந்தை கூடும். கிலோ விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், இருபது முப்பது கிராம் போதும். முட்டைகளோடு சேர்த்து மூடிய ஜாடியில் இரண்டு நாள் வைத்தால் முட்டை ஓட்டைத் தாண்டி மணம் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் ஆம்லெட். ஜனவரிதான் நல்ல காலம்.

வீட்டைவிட்டு வெளியே போகிற நாட்களுக்குக் குகைகள் சரியான இடம், வெளியே பூஜ்யமாக இருந்தாலும் உள்ளே வருடம் முழுக்க ஏறக்குறைய 13 டிகிரி. ஆதிமனிதர்களின் ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற லாஸ்கோவின் அசல் குகை 1963லேயே மூடப்பட்டது, மோன்தின்யாக்கில் 2016ல் திறந்த முழு நகலைத்தான் பார்க்க முடியும், அதுவும் ஜனவரியில் சில வாரம் மூடுவார்கள், தேதி பார்த்துப் போங்கள். அசல் ஓவியம் வேண்டும் என்றால் லேசேஸி பக்கத்தில் ஃபோன்-ட-கோம் குகை, ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், முன்பதிவு அவசியம். என்னைக் கேட்டால் நகலை விட்டுவிட்டு இதற்குப் போவேன். பாதிராக் என்ற இயற்கையான பெரும் குழியும் அதன் அடிக் குகையும் குளிர்காலத்தில் மூடியிருக்கும், வீணாக ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

காட்டில் நடக்கப் போனால் ஆரஞ்சு நிற மேல்சட்டை போடுங்கள், பிள்ளைகளுக்கும் நாய்க்கும்கூட. பிப்ரவரி கடைசி வரை வேட்டைப் பருவம், காட்டுப்பன்றியைத் துரத்திக்கொண்டு துப்பாக்கியோடு ஆட்கள் இருப்பார்கள். வேட்டை நடக்கிறது என்று வழியில் பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். வழி எது என்று அவர்களிடமே கேட்கலாம், நன்றாகச் சொல்வார்கள்.

கிளம்பும் நாளில் ஹீட்டரை அடியோடு அணைக்காதீர்கள், உறையாமல் காக்கும் குறைந்த அளவில் விடுங்கள், மீட்டரை மறுபடி படம் எடுங்கள், சாம்பல் வாளியை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய விறகு மிச்சம் இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், சிலர் பில்லில் கழித்துக்கொள்வார்கள்.