கொழுப்பு ஈரலோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

கொழுப்பு ஈரல் உள்ளவர்களை யாழ்ப்பாணத்து வீட்டுச் சாப்பாடு கெடுப்பதில்லை. குத்தரிசிச் சோறு, மீன் குழம்பு, கீரைக்கடையல், ஒரு பால்கறி, வல்லாரைச் சம்பல் என்று ஊரில் கிழமை நாட்களில் சாப்பிடுவதை அளவாகச் சாப்பிட்டால் போதும். கெடுப்பது, 'வெளிநாட்டால வந்திருக்கினம்' என்று சமைக்கிற சாப்பாடு. ஆட்டுக்கறி, கோழிப் பொரியல், இரவில் கடைக் கொத்து, மேசையில் போத்தல் என்று நாலு கிழமை போனால், திரும்பும்போது இரண்டு மூன்று கிலோ கூடியிருக்கும். எடை 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் ஈரலின் கொழுப்பும் அழற்சியும் நன்றாக இறங்கும். 85 கிலோ எடையுள்ளவருக்கு அது 6 முதல் 8 கிலோ. ஒரு வருடம் பாடுபட்டு இறக்கியதில் பாதி ஒரு விடுமுறையில் திரும்ப ஏறலாம்.

போகமுதல் ஈரலில் தழும்பு (அழற்சியால் ஈரல் இறுகிப்போன இடங்கள்) இருக்கிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். கொழுப்பைவிடத் தழும்புதான் முக்கியம். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு ஈரல் நொதிகளின் அளவும் பிளேட்லெட் எண்ணிக்கையும் இருந்தால் கணக்கை நீங்களே பார்க்கலாம்: வயதை ஏஎஸ்டி அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை இதனால் வகுங்கள். இதற்கு ஃபிப்-4 என்று பெயர். 1.3க்குக் கீழ் என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2.0 வரை பயமில்லை. 2.67க்கு மேல் என்றால் டொக்டரைப் பார்க்காமல் பயணம் வெளிக்கிட வேண்டாம். பிளேட்லெட் 2,50,000 என்று எழுதியிருந்தால் கணக்கில் 250 என்று போடவேண்டும். இலங்கை அறிக்கைகளில் ஏஎல்டி பெரும்பாலும் எஸ்ஜிபிடி என்றும், ஏஎஸ்டி எஸ்ஜிஓடி என்றும் இருக்கும். சீனி அளவு அங்கே மில்லிகிராமில் வரும். லண்டன், ரொறன்ரோவில் தரும் மில்லிமோல் கணக்குக்குக் கொண்டுவர 18ஆல் வகுங்கள். 126 என்பது 7.

அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் தொற்றும் ஈரல் அழற்சியான ஹெபடைடிஸ் ஏ, ஈரல் நோய் உள்ளவருக்கு வந்தால் மற்றவர்களைவிட மோசமாகத் தாக்கும். தடுப்பூசியைப் பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னராவது போடுங்கள். எடையும் சீனியும் குறைய செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசி எடுப்பவர்கள் ஊசிப் பேனாவைக் கைப்பையிலேயே கொண்டுபோகவேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துபோனால் அதை எறியத்தான் வேண்டும். பிரிட்ஜுக்கு வெளியே வைத்திருக்கக்கூடிய மேல் எல்லை பொதுவாக 30 பாகை. யாழ்ப்பாணத்துப் பகல் அதைத் தாண்டும். இந்த ஊசியோடு எண்ணெய் வழியும் கொத்தைச் சாப்பிட்டால் சத்தி வரும், வெயிலில் உடம்பு காய்ந்துவிடும்.

இனிக் குடி. சாராயம் 33 முதல் 36 சதவீதம். 180 மில்லி காற்போத்தலில் ஏறத்தாழ 48 கிராம் மதுசாரம், பிரித்தானியக் கணக்கில் 6 யூனிட். பிரித்தானியாவில் கிழமைக்கு 14 யூனிட் என்பது நோயில்லாதவருக்குச் சொன்ன எல்லை. மூன்று இரவு காற்போத்தல் அடித்தால் அது உடைந்துவிடும். பியர் பாதகமில்லை என்பதும் சரியில்லை: 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லி கானில் 35 கிராம் இருக்கிறது. பனங்கள்ளு காலையில் இறக்கும்போது இளசாக இருந்தாலும் பொழுதேற நொதித்து மதுசாரம் கூடும். சுண்ணாம்பு போட்டு நொதிக்கவிடாத பனஞ்சாறான கருப்பணியில் மதுசாரம் இல்லை, ஆனால் சீனி நிறைய. கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பைத் தொடவே வேண்டாம். அதில் மெதனோல் என்ற நச்சு மதுசாரம் இருந்தால் ஈரலை யோசிக்கவே நேரம் இராது, கண்ணும் உயிரும் போகும்.

தழும்பு இருப்பவருக்கு அனுமதி பூச்சியம். கொழுப்பு மட்டும் உள்ளவருக்கும் விடுமுறை முழுக்கக் குடியை விடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. குடியால் வந்த கொழுப்பு நாலு முதல் ஆறு கிழமை நிறுத்தினாலே பெரும்பாலும் வடியத் தொடங்கும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் விரதம் என்று ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. 6 மணித்தியாலம் முதல் மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, பிதற்றல் வரலாம். நீண்ட விமானப் பயணமே அந்த நிறுத்தத்தைத் தொடக்கிவிடும். அப்படியானவர் வெளிக்கிட முதல் டொக்டரோடு சேர்ந்து படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

மறுப்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம், விளக்கம் சொன்னால் வாதம் வரும். "மருந்து எடுக்கிறன், டொக்டர் தொடக்கூடாது எண்டு சொல்லிப்போட்டார்" என்றால் மச்சானும் சித்தப்பாவும் விட்டுவிடுவார்கள். கையில் சோடாவும் தேசிக்காயும் போட்ட கிளாஸ் இருக்கட்டும். பைட்ஸ் தட்டுக்கு எட்டத்தில் இருங்கள். டெவில் இறைச்சியின் உப்பு தாகத்தைக் கூட்டும்.

குடிக்காதவர்கள் சறுக்குவது தேத்தண்ணியில். ஒரு நாளில் ஐந்து வீட்டுக்குப் போனால், வீட்டுக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்று 60 கிராம் ஆகிவிடும். "சீனியில்லாத வெறுந்தேத்தண்ணி" என்று வாசலிலேயே சொல்லுங்கள், ஊற்றியபிறகு சொன்னால் எடுபடாது. பனங்கட்டியும் சீனிதான், கடித்துக் குடித்தால் குறைவாக எடுபடும் அவ்வளவே. இளநீர் நாளுக்கு ஒன்று போதும். கடைச் சோடாப் போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் சீனி அதிகம் என்று அர்த்தம்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சமும் மதுவும் இல்லாததால் ஈரலுக்கு ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். சைவப் படையலில் வடை, அப்பளம், மோர்மிளகாய், கத்தரிக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்குப் பிரட்டல், பாயாசம் எல்லாம் வரும். பொரியல் ஒன்று, பாயாசம் அரைக் கிளாஸ் என்று முதலே முடிவெடுங்கள். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது மீன். புட்டு என்றால் குரக்கன் அல்லது சிவப்பு அரிசிமா, ஒரு குழல், சீனியும் வாழைப்பழமும் சேர்க்காமல். சொதிக்கு முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் வைக்கக் கேட்கலாம், சுவையில் பெரிய குறை தெரியாது. மீனில் சூடை, நெத்தலி போன்ற சின்ன மீனைக் குழம்பாகக் கேளுங்கள்.

ஈரலுக்கு மூலிகை என்று ஒவ்வொருவரும் ஒன்று தருவார்கள். வல்லாரைச் சம்பலாகச் சாப்பிடுவது பயமில்லை, குளிசையாகவும் சாறாகவும் தினமும் எடுப்பது வேறு. சீந்தில் எடுத்து ஈரல் வீங்கியவர்கள் இந்தியாவில் பதிவாகியிருக்கிறார்கள். காய்ச்சலுக்குப் பனடோல் போடலாம். தினமும் குடிப்பவரும் தழும்பு உள்ளவரும் நாளுக்கு 500 மில்லிகிராம் குளிசை நாலைத் தாண்டக்கூடாது. கொலஸ்ட்ரோல் குளிசையை 'ஈரலைக் கெடுக்கும்' என்று யாராவது சொல்லி நிறுத்தாதீர்கள்.

நடக்க காலை ஐந்தரை முதல் ஏழு வரை நல்ல நேரம். கிழமைக்கு 150 நிமிடம் நோக்கம். ஊர் மட்டமான நிலம், சைக்கிள் இன்னும் நல்லது, சோழகக் காற்றுக்கு எதிராகப் போகும் நேரத்தில் வியர்வை நன்றாகவே வரும்.

கண் மஞ்சளித்தல், வயிறு வீங்குதல், கறுப்பு மலம், இரத்தச் சத்தி, குழப்பமான பேச்சு கண்டால் 1990க்கு அழைத்து யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். அம்புலன்ஸ் இலவசம். திரும்பி வந்து ஏழு கிழமைக்குள் கண் மஞ்சளித்தால் அது ஹெபடைடிஸ் ஏயாகவும் இருக்கலாம். பழைய கொழுப்பு ஈரல்தான் என்று எண்ணாமல், எந்த ஊரில் என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் சேர்த்து டொக்டரிடம் சொல்லுங்கள்.