சாய்தளம் அமைத்துத் தந்த தன்னார்வலர்களுக்கு நன்றி தெரிவிக்கும் முறை

வாசற்படியில் சாய்தளம், கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும்படி அகலப்படுத்திய கதவு நிலை என்று மாற்றுத்திறனாளி வாழும் வீட்டில் ஊதியம் வாங்காமல் வேலை செய்து கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று பல குடும்பங்கள் தயங்குகின்றன. சால்வை போர்த்துவதில் தவறில்லை. ஆனால் தாங்கள் அமைத்தது அன்றாடம் எப்படிப் பயன்படுகிறது என்ற செய்தியே அவர்களுக்கு உண்மையில் உதவும்.

வேலை முடிந்த அன்று வாய்மொழி நன்றியும் சாப்பாடும் போதும். கடிதத்தைச் சில வாரங்கள் கழித்து, முடிந்தால் ஒரு மழைக்குப் பிறகு எழுதுங்கள். சாய்தளம் வழுக்குகிறதா, தண்ணீர் தேங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அதை வீட்டுப் பெரியவர் எழுதுவதைவிட, அந்தச் சாய்தளத்தில் ஏறி இறங்குபவரே எழுதுவது நல்லது. எழுத இயலாதவர் சொல்லச் சொல்ல, அவருடைய சொற்களை மாற்றாமல் மற்றொருவர் எழுதலாம்.

‘உங்கள் உதவியை மறக்க மாட்டோம்’ என்று பொதுவாக முடித்துவிடாமல், அவர்கள் பட்ட பாட்டை அறிந்து எழுதுங்கள். ஓரடி உயரம் ஏறச் சாய்தளம் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் 1:12 என்ற அளவு. அப்படியானால், ஆறு அங்குல உயரமுள்ள மூன்று படிகளுக்குப் பதினெட்டடி தேவை. நம் தெருக்களில் வீட்டின் முன்னே அவ்வளவு இடம் ஏது? அதனால்தான் நடுவில் சமதளம் விட்டு, சாய்தளத்தைச் சுவரோரமாகத் திருப்பியிருப்பார்கள். ‘முன்பு வங்கிக்குப் போக இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்க வேண்டியிருந்தது, நீங்கள் திருப்பத்தில் விட்ட சமதளத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இப்போது நானே தெருவுக்கு வந்துவிடுகிறேன்’ என்ற ஒரு வாக்கியம் ஒரு பக்கப் புகழுரையைவிட மேலானது.

குறை இருந்தால் அதையும் அதே கடிதத்தில் சொல்லுங்கள். நன்றி சொல்லும் இடத்தில் குறை சொல்வதா என்ற கூச்சம் இயல்பே. எனினும், கைப்பிடிக் கம்பியை இன்னும் இரண்டு அங்குலம் தாழ்வாக வைத்திருக்கலாம் என்று நீங்கள் எழுதினால், அடுத்த வீட்டில் துளையிடுமுன் அங்கே இருப்பவரை உட்காரவைத்து அளந்து பார்ப்பார்கள். குழுத் தலைவரோடு நிறுத்தாமல், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த கொத்தனார், இரும்பைப் பற்றவைத்தவர், மணல் சுமந்த மாணவர்கள் ஆகியோரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பெயர்களை வேலை நடக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்வது எளிது.

நிழற்படம் அனுப்புவதானால் வேலையைக் காட்டும் படமே போதும். மாற்றுத்திறனாளியின் முகமோ கழிப்பறையின் உட்புறமோ வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு அவருடைய சம்மதம் கட்டாயம் வேண்டும். ‘உதவி செய்தவர்கள்தானே கேட்கிறார்கள்’ என்பது சம்மதம் ஆகாது. பணம் கொடுக்க விரும்பினால், அடுத்த வீட்டுக்கான சிமெண்டு, கம்பிச் செலவில் பங்கேற்கலாமா என்று கேளுங்கள்.

அமைத்ததைப் பேணுவதும் நன்றியில் சேரும். சாய்தளத்தில் செருப்பும் பூந்தொட்டியும் அடுக்காதீர்கள். அது தரையைத் தொடும் இடத்தில் இருசக்கர வண்டியை நிறுத்தி வழியை அடைக்காதீர்கள். கம்பியின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று அவ்வப்போது இழுத்துப் பாருங்கள். வீடு மாறும்போது, கழற்றக்கூடிய இரும்புச் சாய்தளமாக இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், அதன் நீள அகலத்தைக் குறித்து அந்தக் குழுவிடமே திரும்ப ஒப்படையுங்கள்.