கண்ணடிக்கும் ஹெட்லைட்

என்னிடம் இருப்பது 1974 கார்வெட் கார். இதில் மடங்கும் ஹெட்லைட்டுகளைத் தூக்குவது மோட்டார் அல்ல, இன்ஜின் வேக்குவம், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் விசை. ஸ்விட்சைப் போட்டால் வலது விளக்கு எழும்; இடதுக்கு மனசு வந்தால்தான் வரும். ஐடிலிங்கும், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவதும், தடுமாறியது. வேக்குவத்தைத் திருப்பிவிடும் ரிலேதான் காரணம் என்று நினைத்து மாற்றினேன், வீண் செலவு.

அப்புறம்தான் கை வேக்குவம் பம்பை ஆக்சுவேட்டரில், அதாவது வேக்குவத்தால் விளக்கைத் தூக்கும் டப்பாவில், மாட்டிப் பார்த்தேன். பம்பின் மீட்டர் முள் நிற்காமல் இறங்கியது, அப்படியென்றால் கசிவு. தண்டு வெளிவரும் இடத்து ரப்பர் சீல் கிழிந்திருந்தது, வயசான ரப்பர்தானே! இரண்டு ஆக்சுவேட்டரையும் மாற்றினேன். ஹோஸ்களை மட்டும் ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். மொத்தமாக உருவினால் எது எங்கே என்று தலை சுற்றும். ஒரு பக்கம் மட்டுமே காற்றை விட வேண்டிய செக் வால்வை வாயால் ஊதினேன். இரு பக்கமும் காற்று போனது. அதற்கும் புதுசு. இப்போது இரண்டும் சேர்ந்தே எழுகின்றன, ஐடிலிங்கும் சீர்.