ஓசூரில் கடை வளாகம்: செங்கல் இறக்குவதற்கு முன்

கையில் 23 சென்ட் மெயின் ரோட்டு நிலம் இருந்தால், எத்தனை ஷட்டர் போடலாம் என்றுதான் முதலில் கணக்குப் போடத் தோன்றும். மாடி காலியாகக் கிடப்பதற்கான வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது. இஞ்சினியரைக் கூப்பிடும் முன், அந்த இடத்தில் நின்று ஆட்களை எண்ணுங்கள். ஓசூர் ஷிப்ட் ஊர். காலை, மதியம், இரவு என ஷிப்ட் மாறும் ஒவ்வொரு நேரத்திலும் ஒரு மணி நேரம் எண்ண வேண்டும். மாதத்தின் முதல் பத்து நாளில் ஒரு தடவை, கடைசிப் பத்து நாளில் ஒரு தடவை; ஞாயிறு தனிக் கணக்கு. சம்பள வாரத்தில் மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள்.

வரைபடத்தில் 3 கிலோமீட்டர் வட்டம் போட்டு அதற்குள் இருக்கும் வீடுகளையெல்லாம் உங்கள் வாடிக்கையாளர் என்று எடுத்துக்கொள்வது அடுத்த பிழை. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை வெட்டிக்கொண்டு போகிறது. எதிர்ப்பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியும். பாலத்தடியில் சுற்றித் திரும்பி வர நேரமாகும். டூவீலரில் பத்து நிமிடத்துக்குள் எங்கிருந்தெல்லாம் வர முடிகிறது என்று ஓட்டிப் பார்த்தே எல்லையைக் குறியுங்கள். நிலம் நெடுஞ்சாலையையே பார்த்திருந்தால், வாசல் வைக்க தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் அணுகுவழி அனுமதி தனியாக வேண்டும்.

பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். கல்யாணப் பட்டும் சோபா செட்டும் வாங்க அங்கே போய்விடுவார்கள். மளிகை, மருந்து, டிபன், செல்போன் ரிப்பேர், பிள்ளைகள் துணிமணி ஆகியவை இங்கேயே நிற்கும். கீழ்த்தளம் இவற்றுக்குத்தான். பல் மருத்துவர், டியூஷன், ஜிம் போல, ஆள் தேடி வரும் தொழில்களுக்கு மாடி. கிளினிக்குக்கு மேல் ஜிம்மை மட்டும் வைக்காதீர்கள். எடை விழும் அதிர்வு ஸ்லாப் வழியே கீழே இறங்கும்.

இனி அளவு. 23 சென்ட் என்பது சுமார் 10,000 சதுர அடி. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.3 மீட்டருக்கு மேற்படாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு இருக்கலாம் என்ற வரம்பு) 2. அதாவது 20,000 சதுர அடி வரை. சாலை அகலமும் செட்பேக்கும் (கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடம்) இதைக் குறைக்கலாம். படி, லிஃப்ட், நடை, கழிப்பறை போக வாடகைக்கு 14,000 தேறினால் நல்ல பிளான். பார்க்கிங்குக்கு ஒரு காருக்கு 2.5க்கு 5 மீட்டர்தானே என்பார்கள். திரும்பும் வழியையும் சேர்த்தால் 250 முதல் 300 சதுர அடி போய்விடும். அதனால் தூண் இடைவெளியைக் கார் நிற்கும் தளத்தை வைத்து முடிவு செய்யுங்கள்: தூணின் மையத்துக்கு மையம் 8.2 மீட்டர் இருந்தால் நடுவில் மூன்று கார் நிற்கும். 6 மீட்டரில் இரண்டுதான் நிற்கும், மிச்சம் வீண்.

கடை முகப்பு 12 அடி, உள்ளே 30 அடி சரியாக இருக்கும். முகப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் உள்ளே நீண்டால் பின்பாதி குடோன் ஆகிவிடும், அதற்குக் கடை வாடகை யார் கொடுப்பார்? மாடிப்படி ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும். இதைக் கட்டிய பிறகு மாற்ற முடியாது. வாசல் தரையை ரோட்டைவிட ஒன்றரை அடி உயர்த்தினால் சக்கர நாற்காலிச் சாய்தளம் 1:12 கணக்கில் 18 அடி நீளும். முன்பக்க செட்பேக்கில் அதற்கு இடம் ஒதுக்குங்கள். ஓட்டல் வரும் என்ற நினைப்பு இருந்தால் மொட்டைமாடி வரை புகைக்குழாய்க்கான வழி, எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் தொட்டி, சிலிண்டருக்கு வெளிப்புற அறை மூன்றையும் பிளானிலேயே போடுங்கள். பிறகு ஸ்லாபைத் துளைத்தால் மேல்வீட்டுக்காரருக்குக் கசிவு, உங்களுக்குச் சண்டை.

அனுமதித்த பிளானிலிருந்து விலகிக் கட்டினால் பணி முடிப்புச் சான்று கிடைக்காது. அது இல்லாவிட்டால் நிரந்தர மின் இணைப்பும் கிடைக்காது. பார்க்கிங்கைக் கடையாக்கும் ஆசைக்கு விலை இதுதான்.

வாடகை ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியாவையே (கடைக்குள் உண்மையில் பயன்படும் தரைப் பரப்பு) எழுதுங்கள். உள்வேலைக்கு 45 நாள் வாடகையில்லாக் காலம், ஆண்டு உயர்வு, வாடகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஜெனரேட்டர் டீசலை எந்தக் கணக்கில் பிரிப்பது என்பதையும் சேருங்கள். சதுர அடிக்கணக்கில் பிரித்தால், ஃப்ரீசர் ஓடும் ஐஸ்கிரீம் கடைக்காகத் தையல்காரர் பணம் கட்டுவார். கடைக்கொரு தனி மீட்டர் வையுங்கள்.