ராமநாதபுரம் கடற்கரையில் தொழில்: இடர்ப் பட்டியலில் விடும் பிழைகள்

தலைமை அலுவலகம் அனுப்பும் இடர்ப் பட்டியலில் "புயல்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை" என்று ஒரு வரி இருக்கும். மண்டபத்தில் நண்டு கம்பெனியோ பாம்பனில் ஐஸ் கம்பெனியோ நடத்துபவருக்கு அது போதாது. இங்கே கடல் இரண்டு. வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். சோழகம் என்னும் தென்காற்று வீசத் தொடங்கினால் தலைகீழ். சரக்கு தரும் வள்ளங்கள் எல்லாம் ஒரே கரையில் இருந்தால் சில மாதங்கள் கம்பெனி சும்மா கிடக்கும். இரண்டு கரையிலும் ஆள் வேண்டும்.

பாம்பன் துறைமுகத்தில் ஏறும் புயல் கூண்டின் எண்ணை மதிப்பெண் போலப் படிப்பது இன்னொரு பிழை. 5, 6, 7 மூன்றுக்கும் அபாய அளவு ஒன்றுதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அதன் மேலேயே கடக்குமா என்பதைத்தான் அந்த எண்கள் பிரித்துச் சொல்கின்றன. கடும் புயலுக்கு 8, 9, 10 அதே வரிசை. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். ஆகவே "7 ஏறினால் ஜெனரேட்டரை மேடேற்று" என்ற விதி உதவாது. 3 ஏறியதுமே டீசல் நிரப்பி, ராமேஸ்வரம் தீவுக்குள் இருக்கும் சரக்கைப் பாலம் தாண்டி அனுப்பிவிட வேண்டும். லாரிக்கு இருப்பது ஒரே சாலைப் பாலம். ரயிலை மாற்றுவழி என்று எழுதிவைத்தவர்களுக்கு 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் ஏறாதது வேலைநிறுத்தம். எல்லை தாண்டியதாக மீனவர்கள் கைதானால் விசைப்படகுகள் தேதி குறிக்காமல் கரையில் நின்றுவிடலாம். விநியோக ஒப்பந்தத்தில், எந்தக் காரணங்களால் சரக்கு தர முடியாவிட்டால் பொறுப்பில்லை என்று சொல்லும் விலக்குப் பிரிவில் இதைப் பெயர் சொல்லியே சேர்க்க வேண்டும். தடைக்காலத்திலும் நாட்டுப்படகு போகும் என்பதால் அவர்களோடு தனி ஏற்பாடு இருப்பது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, பட்டியலில் சரக்கு தருபவர்கள் 5 பேர் இருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருப்பது. ஐவருமே ஒரே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்களாக இருக்கலாம். அப்படியானால் உண்மையில் உங்களுக்குச் சரக்கு தருபவர் ஒருவர்தான். இதைக் கூட்டம் போட்டுக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முன்பணம் கொடுத்தவரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஏலம் முடிந்தபின் கரையில் தனித்தனியாகக் கேட்டு, யாருக்கு யார் முன்பணம் தந்திருக்கிறார் என்று பட்டியலில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் ஜூனில் அதைத் திருத்துங்கள். படகைப் பழுதுபார்க்கப் புதுக் கடன் வாங்கியிருப்பார்கள்.