வெள்ளை ஹாலுக்கு நிறம் சேர்க்க

வாடகை வீட்டு ஹால் முழுக்க வெள்ளையா? பெயிண்ட் வேண்டாம், தரையிலிருந்து தொடங்குங்கள். ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தாலே அறை மாறிவிடும். அதில் ஓடும் பட்டைகளில் ஒரே ஒரு நிறத்தை, சிவப்போ பச்சையோ, தேர்ந்தெடுத்துக் குஷன் உறையிலும் ஜன்னல் திரையிலும் திரும்ப வரவையுங்கள். எல்லா நிறத்தையும் கொண்டுவந்தால் கண் அலைபாயும். கட்டாமல் கிடக்கும் செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலை இருக்கிறதா? திரைக்கு அதைவிட நல்ல துணி எனக்குத் தெரிந்து இல்லை. திரைக்கம்பியை ஜன்னலுக்கு அரை அடி மேலே மாட்டினால் அறை உயரமாகத் தெரியும்.

பல்பையும் மாற்றுங்கள். 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) கொண்ட நீலங்கலந்த வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர் ஆஸ்பத்திரி போலிருக்கும். இளமஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் வாங்குங்கள். ஜன்னலோரம் ஒரு மணி பிளான்ட் போதும்.