ஸ்போர்ட்ஸ் கேம் ட்ரெய்லரை எப்படிப் பார்ப்பது, டெவலப்பரிடம் என்ன கேட்பது

ஸ்போர்ட்ஸ் கேம் ட்ரெய்லரில் வரும் காட்சி பெரும்பாலும் அந்த கேமிலிருந்தே எடுக்கப்பட்டதுதான். ஆனால் அது எடுக்கப்பட்ட கேமரா கோணத்தில் நீங்கள் ஒரு நிமிடம்கூட விளையாடப் போவதில்லை. "ட்ரெய்லர்ல ஒண்ணு, வாங்கினா வேற ஒண்ணு" என்ற கோபத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். கால்பந்து கேமில் டிவி ஒளிபரப்பு மாதிரியான கேமராவில், ஒரு வீரரின் உயரம் திரை உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1080பி திரையில் அது 108 பிக்சல். மனித உடலில் தலை ஏறக்குறைய ஏழரையில் ஒரு பங்கு. ஆக, தலை முழுவதற்கும் கிடைப்பது 14 பிக்சல் உயரம்தான். 4கே திரை என்றால் 29. ட்ரெய்லரில் க்ளோஸ்-அப்பில் காட்டிய வியர்வைத் துளி, தாடி முடி, தோல் துளை எல்லாம் இந்த 14 பிக்சலுக்குள் வந்தாக வேண்டும். வராது. அந்த அளவில் கண்ணில் படுபவை வேறு: கால் தரையில் எப்படிப் பதிகிறது, பந்துக்கும் பூட்ஸுக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா, நிழல் ஒட்டியிருக்கிறதா, புல்லின் மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது, கோடுகள் மினுமினுக்கின்றனவா. இவற்றைத்தான் தேட வேண்டும்.

வீடியோவைத் திறக்கும்போது

யூடியூபில் பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் திரை 1080பி ஆக இருந்தாலும் 1440பி அல்லது 4கே தரத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தரங்களுக்கு அதிக பிட்ரேட் (ஒரு விநாடி வீடியோவுக்கான தரவின் அளவு) கிடைக்கிறது; புல்தரையும் கூட்டமும் குழம்பிப் போகாது. 1080பி-யில் பார்த்துவிட்டு "புல் மங்கலா இருக்கு" என்று முடிவு கட்டினால், நீங்கள் குறை சொல்வது கேமை அல்ல, வீடியோ சுருக்கத்தை. கணினியில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு தனிப் படம், முன்னால் போகும், காற்புள்ளி விசை ஒரு ஃப்ரேம் பின்னால் கொண்டுவரும். இனி வரும் சோதனைகளுக்கு இந்த இரண்டு விசைகளே போதும்.

முதலில் ஓரத்தில் வரும் பொடி எழுத்தைப் படியுங்கள். அது பெரும்பாலும் முதல் சில விநாடிகளிலும் கடைசி விநாடிகளிலும் மட்டும் தலைகாட்டும். "இன்-எஞ்சின்" என்றால் கேமின் எஞ்சினில், அதாவது கேமை இயக்கும் மென்பொருளில், உருவான காட்சி என்று மட்டுமே பொருள். யாரோ கன்ட்ரோலரைப் பிடித்து விளையாடினார்கள் என்றோ, உங்கள் கன்சோலில் அப்படி ஓடும் என்றோ பொருள் இல்லை. "கேப்சர்டு ஆன் பிஎஸ்5" என்றால் எந்தக் கருவியில் பதிவானது என்பது தெரியும், எந்த கேமரா என்பது தெரியாது. "கேம்ப்ளே" என்ற சொல்லையும் மேலோட்டமாக ஏற்காதீர்கள். திரையில் ஸ்கோர் பலகை, ரேடார், களைப்புப் பட்டை, முக்கியமாக வீரரின் தலைக்கு மேல் நிற்கும் கர்சர் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கர்சர் இல்லாத காட்சியை ரீப்ளே என்றே எடுத்துக்கொள்வது நல்லது. ரீப்ளேயில் டெப்த் ஆஃப் ஃபீல்டு (பின்னணியை மங்கலாக்குவது), மோஷன் ப்ளர் (அசைவை மங்கலாக்குவது), கூடுதல் நிழல் எல்லாம் சேரும். பல ஸ்போர்ட்ஸ் கேம்களில் ஆட்டம் விநாடிக்கு 60 ஃப்ரேமிலும் ரீப்ளே 30 ஃப்ரேமிலும் ஓடுவதும் இதற்காகத்தான். 60 ஃப்ரேமில் ஒரு படத்தை வரைய கேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி, 30-ல் அது 33.3 ஆகிறது. இரட்டிப்பு நேரம் கிடைத்தால் படம் அழகாக வரத்தான் செய்யும்.

கார் பந்தய கேமான கிரான் டூரிஸ்மோ 7 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2022-ல் பிஎஸ்5-ல் வெளியானபோது அதன் ரே ட்ரேசிங் (ஒளி, பிரதிபலிப்பை நிஜம்போல் கணக்கிடும் முறை) ரீப்ளே, கராஜ் போன்ற இடங்களில்தான் இருந்தது. பந்தயம் ஓட்டும்போது இல்லை. அதேபோல் 2020 ஜூனில் பிஎஸ்5 அறிமுக நிகழ்ச்சியில் கூடைப்பந்து கேமான என்பிஏ 2கே21-க்காகக் காட்டிய, ஸயன் வில்லியம்சன் என்ற வீரரின் காட்சியை நினைத்துப் பாருங்கள். வியர்வையில் நனைந்த ஒரே ஒரு வீரர், அவரையே நெருங்கிச் சுற்றும் கேமரா. எஞ்சினால் அது முடியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உண்மையான ஆட்டத்தில் அந்த 16.7 மில்லிவிநாடியைப் பத்து வீரர்கள், நடுவர்கள், பெஞ்ச், கூட்டம் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கால்பந்தில் வீரர்களே 22 பேர். கூடைப்பந்து கேம்களின் முகங்கள் எப்போதும் ஒரு படி மேலே தெரிவதற்கு இந்த எண்ணிக்கை வித்தியாசமும் நெருக்கமான கேமராவும் பெரிய காரணம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கால்பந்து கேமின் கலைஞர்களைத் திட்டுவது நியாயமாகாது.

எஞ்சின் என்ற பேச்சுக்கே இடமில்லாத ட்ரெய்லர்களும் உண்டு. 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்காக அமெரிக்கன் ஃபுட்பால் கேமான மேடன் தொடரின் பெயரில் காட்டியது முன்கூட்டியே ரெண்டர் செய்த இலக்குக் காட்சி, அதாவது கேம் எப்படி இருக்க வேண்டும் என்று தனியாகத் தயாரித்த வீடியோ. கடைக்கு வந்த கேம் அதன் பக்கத்தில்கூட நிற்கவில்லை. இன்று அந்த அளவுக்குத் துணிகிறவர்கள் குறைவு. என்றாலும் பொடி எழுத்தே இல்லாத ட்ரெய்லரை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

ஃப்ரேம் ஃப்ரேமாக எதைப் பார்ப்பது

ஓடிக்கொண்டிருக்கும் வீரர் சட்டென்று திரும்பும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊன்றிய காலையும் அதன் கீழே இருக்கும் புல்வெட்டுக் கோட்டையும் பார்த்தபடி ஐந்தாறு ஃப்ரேம் நகர்த்துங்கள். கால் தரையில் ஊன்றியிருக்கும்போதே கோட்டைத் தாண்டி வழுக்கினால், அனிமேஷனும் உடலின் வேகமும் ஒத்துப்போகவில்லை. ட்ரெய்லரை 30 ஃப்ரேமில் வெளியிட்டிருந்தால் இந்த வழுக்கலைக் கண்டுபிடிப்பது கடினம். 60 ஃப்ரேம் பதிப்பு இருந்தால் அதையே எடுங்கள்.

அடுத்து பந்து. உதைக்கும் கணத்துக்கு முந்தைய ஃப்ரேமில் அது பூட்ஸுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அரை அடி தள்ளி நின்று அடுத்த ஃப்ரேமில் பறக்க ஆரம்பித்தால், கால் படாமலேயே பந்து நகரும் அந்தப் பழைய குறை இன்னும் போகவில்லை. கிரிக்கெட் கேம் என்றால் மட்டையில் பந்து படும் ஃப்ரேமை இதே மாதிரி பாருங்கள். மட்டையின் முகமும் பந்து போகும் திசையும் பொருந்தாமல் இருப்பது அங்கே அடிக்கடி கண்ணில் படும் பிழை.

பூட்ஸின் அடியில் சின்னக் கருநிழல் இல்லையென்றால் வீரர்கள் தரைக்கு மேலே மிதப்பது போலிருக்கும். கோல் வலை, தலைமுடி, வெள்ளைக் கோடுகள் மூன்றும் கேமரா நகரும்போது மினுமினுத்தால் ஆன்டி-அலியாசிங் (ஓரங்களை வழவழப்பாக்கும் முறை) போதவில்லை. கூட்டத்தில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் நான்கு இடங்களில் கைதட்டுவதைப் பிடிப்பது எளிது. ஆனால் அதற்கு நான் அதிக மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஆட்டத்தின் நடுவே யாரும் அதைப் பார்ப்பதில்லை.

எந்தக் கருவிக்கான பதிப்பு?

இதைக் கேட்காமல் விட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். ஈஏ நிறுவனத்தின் கால்பந்து கேம்களான ஃபிஃபா 21, ஃபிஃபா 22 இரண்டிலும் பிசிக்கு வந்தது பழைய பிஎஸ்4 தலைமுறைப் பதிப்பு. 22-ன் விளம்பரம் முழுக்கப் பேசிய ஹைப்பர்மோஷன் என்ற அனிமேஷன் தொழில்நுட்பம் பிசியில் கிடையாது, 23-ல்தான் வந்தது. மேடன் 24-ல்தான் பிசிக்குப் புதிய தலைமுறை கிடைத்தது, என்பிஏ 2கே தொடரில் 2கே25-ல். நின்டெண்டோ ஸ்விட்சில் ஃபிஃபா 20 முதல் 23 வரை வந்தவை லெகசி எடிஷன். அணிப் பட்டியலும் ஜெர்சிகளும் புதிது, ஆட்டம் பழையது. இந்த விவரங்களை நிறுவனமே வெளியீட்டுக்கு முன் எழுத்தில் சொல்லியிருந்தது. ஆனால் சொன்ன இடம் கடைப் பக்கத்தின் விளக்கமோ, கேள்வி-பதில் பக்கமோ. ட்ரெய்லரை மட்டும் பார்த்தவருக்குத் தெரிந்திருக்காது. எனவே முன்பதிவு செய்வதற்கு முன், உங்கள் கருவிக்கான கடைப் பக்கத்தைத் திறந்து கடைசி வரி வரை படியுங்கள்.

போன வருடத்தோடு ஒப்பிடும்போது

ஒப்பீட்டு வீடியோக்களில் பாதி செல்லாது. ஒன்றில் மாலை வெயில், இன்னொன்றில் இரவு விளக்கு. ஒன்று குவாலிட்டி மோடு (படத் தரத்துக்கு முன்னுரிமை), மற்றது பெர்ஃபார்மன்ஸ் (ஃப்ரேம் வேகத்துக்கு முன்னுரிமை). நீங்களே ஒப்பிடுவதானால் ஸ்டேடியம், அணி, ஜெர்சி, ஆட்டம் நடப்பது பகலா இரவா என்பது, வானிலை, கேமராவின் உயரமும் ஜூமும், கிராபிக்ஸ் மோடு ஆகிய அனைத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் விரிவான வீச்சில் காட்டும் முறை) இயங்கும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட் சாதாரணத் திரையில் வெளிறித் தெரியும். அதைப் பார்த்து "கலரே செத்துப் போச்சு" என்று ஒரு சண்டை கிளம்பும். இன்னொன்று, கன்சோலில் ஆர்ஜிபி ரேஞ்ச் (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவின் அமைப்பு) 'ஃபுல்' ஆகவும் டிவியில் 'லிமிடெட்' ஆகவும் இருந்தால் இருட்டுப் பகுதிகள் மை கொட்டியது போல அடைத்துவிடும். இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு கேம் வெளியிடும் குழுவால் ஒவ்வொரு ஆண்டும் எஞ்சினை மாற்ற முடியாது. ஃபிஃபா ஃப்ராஸ்ட்பைட் என்ற எஞ்சினுக்கு மாறியது ஃபிஃபா 17-ல், மேடன் மாறியது மேடன் 18-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிச்சம், முடி, துணி மடிப்பு, சில நூறு முகங்கள் என்றுதான் வேலை நடக்கும். முகத்தை ஸ்கேன் செய்ய வீரர் நேரில் வர வேண்டும், உரிமமும் வேண்டும். உரிமம் போனால் பெயரே போகும்: ஃபிஃபா 20 முதல் 22 வரை யுவென்டஸ் அணி 'பியெமோன்டே கால்ச்சோ' என்ற பெயரில் இருந்தது நினைவிருக்கும். ஒரு ஸ்டேடியம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு நிறுவனம் வாய் திறக்காமல் இருந்தால், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கலாம். கிராபிக்ஸ் மோடுகள் எத்தனை ஃப்ரேமில் ஓடும் என்ற கேள்விக்கு வாய் திறக்காமல் இருக்க அப்படி ஒரு காரணம் கிடையாது.

வாங்கிய முதல் ஒரு மணி நேரம்

பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் சேரும் என்பதைக் கவனியுங்கள்: ஷேடர் (கிராபிக்ஸுக்கான சிறு நிரல்கள்) தயாராகும் நேரம், மெனுவில் அமைப்புகளை நோண்டும் நேரம் உட்பட. எனவே திட்டத்தோடு தொடங்குங்கள். ஈஏ கேம் என்றால் ஈஏ ப்ளே சந்தாவில் புதிய கேம்களுக்கு 10 மணி நேரம் வரை சோதனை கிடைக்கும். முழு விலை கொடுப்பதற்கு முன் அதுவே சிறந்த வழி.

சோதனையை நட்சத்திர அணியோடு செய்யாதீர்கள். ட்ரெய்லர் காட்டியதே அவர்களைத்தான். கீழ்ப் பிரிவிலிருந்து ஒரு அணியை எடுங்கள், சிறிய ஸ்டேடியத்தைத் தேர்ந்தெடுங்கள், ஆட்டத்தை ஐந்து நிமிடத்துக்குக் குறையுங்கள். முதல் ஆட்டம் பகலில், அடுத்தது இரவில், மூன்றாவது மழையில். நீங்கள் வழக்கமாக வைக்கும் கேமராவிலேயே ஆடுங்கள். கார்னர் கிக்கின்போது, பெட்டிக்குள் எல்லாரும் குவியும் அந்தக் கணத்தில், ஃப்ரேம் இறங்குகிறதா என்று பாருங்கள். சுமை உச்சத்தில் இருப்பது அப்போதுதான். ரீப்ளே முடிந்து ஆட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு திக்கல் வருகிறதா என்பதையும் பாருங்கள். மூன்று ஆட்டமும் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டாது.

முன்பதிவு பற்றி என் கருத்து கறாரானது: உங்கள் கருவியில் எடுத்த, வெட்டாத ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ வெளிவரும் வரை பணம் கட்ட வேண்டாம். 2013 நவம்பரில் பிசிக்கு வந்த ஆஷஸ் கிரிக்கெட் 2013 சில நாட்களிலேயே விற்பனையிலிருந்து நீக்கப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. 2021 செப்டம்பர் 30 அன்று வந்த, கொனாமி நிறுவனத்தின் கால்பந்து கேமான ஈஃபுட்பால் 2022-ன் கோணிய முகங்கள் உலகம் முழுக்கக் கேலிக்குள்ளாயின. கொனாமி மன்னிப்புக் கேட்டது, 1.0 பதிப்பு 2022 ஏப்ரலில்தான் வந்தது. அது இலவச கேம் என்பதால் ரசிகர்களுக்குப் பணம் போகவில்லை. நம்பிக்கை போனது, அதை மீட்க மாதக்கணக்கானது.

டெவலப்பரிடம் கேட்பது

"கிராபிக்ஸ் குப்பை, சரி பண்ணுங்க" என்ற பதிவுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆம், இல்லை அல்லது ஒரு எண் என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். இந்தக் காட்சி எந்தக் கருவியில் பதிவானது? எந்த மோடு, எத்தனை ஃப்ரேம்? ஆட்ட கேமராவா, ரீப்ளே கேமராவா? இந்த வசதி விளையாடும்போது இயங்குமா, ரீப்ளேயில் மட்டுமா? எந்தெந்தக் கருவிகளில் இது இருக்காது? ஐந்துமே விற்பனைக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிந்த விடைகள். ட்ரெய்லரின் அடியில் ஒரே வரியில் எழுதிவிடலாம். எழுதுகிற நிறுவனத்தைப் பாராட்டுங்கள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் எழுதுவார்கள். கேள்வியை நிறுவனத்தின் அதிகாரப்பூர்வக் கணக்கில் வையுங்கள். தனிப்பட்ட கலைஞர்களின் கணக்கில் போய்க் கேட்காதீர்கள். பதில் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, வசவு மட்டும் அவர்களைப் போய்ச் சேரும்.

வெளியீட்டுக்குப் பிறகு, ஈஏ-வின் பிட்ச் நோட்ஸ் போன்ற அப்டேட் குறிப்புகளைப் படித்துவிட்டுப் புகார் எழுதுங்கள். நீங்கள் சொல்லவந்த பிழை ஏற்கெனவே பட்டியலில் இருக்கலாம். புகாரில் கருவியின் பெயர், கேமின் பதிப்பு எண், மோடு, ஸ்டேடியம், ஆட்டம் நடந்தது பகலா இரவா என்பது, வானிலை, கேமரா அமைப்பு, எச்டிஆர் இயங்கியதா இல்லையா ஆகியவை இருக்க வேண்டும். கூடவே பிழை தெரியும் 10 முதல் 15 விநாடி வீடியோ, அதில் எந்த விநாடி என்ற குறிப்பு, மூன்று முறை முயன்றால் எத்தனை முறை அந்தப் பிழை திரும்ப வருகிறது என்ற விவரம். திரும்ப வரவழைக்க முடியாத பிழையைச் சோதனைக் குழு கடைசியில்தான் எடுக்கும். ஒரு புகாரில் ஒரு பிழை மட்டும் எழுதுங்கள். நிழல் பிழையும் முகப் பிழையும் ஒரே பதிவில் இருந்தால் இரண்டும் வெவ்வேறு குழுக்களுக்குப் போக வேண்டியவை, ஒன்று நிச்சயம் விடுபடும்.